கோணேசர் கோயில் ஏத்தமும் என் இடுப்பு நோவும்

உள்பாவாடை போட ஒற்றைக் காலில் நிற்க ஏலாது. கட்டில் விளிம்பில் இருந்துதான் போடுவேன். ராத்திரி ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பதென்றால் முதலில் மூச்சைப் பிடித்து, தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, மரக்குற்றியை உருட்டுவது போல முழு உடம்பையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினாலும் முன்பக்க எலும்பில் ஒரு வெட்டு வெட்டும். நாரிக்குக் கீழே வலது பக்கக் குழியில் எப்போதும் ஒரு கடுப்பு. அதற்கும் உள்ளே, சொல்ல வெட்கப்படுகிற இடத்தில், நாள் முழுக்கப் பாரமும் எரிவும். இரண்டு பாடம் தொடர்ந்து நின்றால் மூன்றாவது பாடத்தை மேசையில் சாய்ந்துகொண்டுதான் படிப்பிப்பேன். ஸ்கூட்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்ற வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுவேன்.

இரண்டாவது மகன் பிறந்த பிறகு மூன்றரை வருசம் எனக்கு இப்படித்தான் போனது.

மகன் பிறந்து 31ஆம் நாள் கழியும் வரைக்கும் மாமி ஒரு குறையும் வைக்கவில்லை. சரக்கு அரைத்துத் தந்தா, வேப்பிலை அவித்த சுடுதண்ணி வார்த்தா, பழைய வேட்டியைக் கிழித்து வயிறு கட்டிவிட்டா. "பிள்ளை பெத்த உடம்பு, ஆறு மாசத்தில சரியாப் போயிடும் பிள்ளை" என்று சொன்னா. ஆறு மாதம் ஒரு வருசமாகி, ஒரு வருசம் இரண்டானது. எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம். திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் கூட்டிக்கொண்டு போனா. ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. சூடு கூடின தண்ணி நாரியில் விழும்போது அடிவயிறு மெல்ல இளகும். உப்புவெளிக்கு வந்து சேர்வதற்குள் பழையபடி இறுகிவிடும். என் வருத்தத்துக்கான முதல் துப்பு அந்த இளகலிலேயே இருந்தது. அப்போது எனக்கு அது பிடிபடவில்லை.

சலம், இரத்தம், எக்ஸ்ரே, ஸ்கான் எல்லாம் எடுத்தாயிற்று. நான் போன ஒரு இடத்தில் றிப்போட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கிளியர். ஒண்டுமில்லை. மனசில போட்டு யோசிக்காதைங்கோ" என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார்கள். ஓட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன். ஒன்றுமில்லாததற்கு ஏன் எனக்குத் திரும்பிப் படுக்க முடியவில்லை?

ஆனால் அந்தச் சோதனைகள் வீண் என்று சொல்ல மாட்டேன். அடிவயிற்று நோவுக்குக் கிருமித்தொற்று, கல், கருப்பைக் கட்டி, சூலகக் கட்டி என்று பல காரணம் இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வு வெளியே வளர்கிற வருத்தம் சில பேருக்கு ஸ்கானிலேயே தெரியாது. பிறகு நான் கண்ட பெண்நோய் மருத்துவர் மாதவிடாய் நாட்களில் நோவு எப்படி, மலம் கழிக்கும்போது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதுகள் இல்லை என்று ஓரளவு தெளிந்த பிறகுதான் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினா. காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைபடுவது, மாதவிடாய் இல்லாத நேரத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, சலம் போவது தெரியாமல் போவது, தொடை நடுவில் உணர்வில்லாமல் மரத்துப்போவது, இதில் எது இருந்தாலும் நான் எழுதுகிற அப்பியாசத்தைத் தேட வேண்டாம். உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

இதற்கு நடுவில் நானே ஒரு வைத்தியம் தொடங்கியிருந்தேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எல்லாரும் சொல்கிற ஒன்று கேகல் அப்பியாசம். ஆர்னோல்ட் கேகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதி வைத்தது, சலத்தை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி விடுவது. சலம் கசிகிற எத்தனையோ பெண்களுக்கு அது உதவியிருக்கிறது. எனக்குக் கசிவு இல்லை, நோவுதான். இருந்தும் வகுப்பில் நின்றபடி, சமைத்தபடி, ஒரு நாளைக்கு நூறு தரம் இறுக்கினேன். யூடியூப்பைப் பார்த்து எழும்பி இருக்கிற வயிற்றுப் பயிற்சியும் பிளாங்கும் செய்தேன். இரண்டு கிழமையில் கதிரையில் இருக்கவே எரிந்தது. போதாது போல என்று நினைத்து இன்னும் கூட்டினேன். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனம் நோகிறது.

பிசியோ மிஸ்ஸிடம் முதல் நாள் ஒரு மணித்தியாலம் போனது. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைக் கட்டிலிலிருந்து 20 சென்டிமீற்றர் அளவுக்குத் தூக்கச் சொன்னா. இடது கால் எழும்பியது. வலது கால் அம்மிக்கல்லைக் கட்டிவிட்டது போலக் கிடந்தது. பிறகு என் இடுப்பை இரண்டு பக்கத்தாலும் உள்ளங்கையால் இறுக்கி அமர்த்திக்கொண்டு, "இப்ப தூக்குங்கோ" என்றா. கால் லேசாக எழும்பியது. நான் அவவின் முகத்தைப் பார்த்தேன்.

"நான் கையால செய்யிற வேலையை உங்கட தசையள் செய்யோணும். செய்யாததாலதான் மூட்டு ஆடுது, கால் பாரமாயிருக்கு. இது உங்கட யோசினை இல்லை, அம்மா."

மூன்றரை வருசத்தில் என் நோவை ஒருவர் நம்பியது மட்டுமில்லாமல், கையால் பிடித்தும் காட்டினா.

உள்பரிசோதனைக்கு முதல் அனுமதி கேட்டா. எந்த நேரமும் நிப்பாட்டச் சொல்லலாம் என்றா. கையுறை போட்டு ஒரு விரலால் மெல்ல அமர்த்தினா. வலது பக்கம் ஒரு புள்ளியைத் தொட்டதும், நான் நாள் முழுக்கச் சுமக்கிற அந்த நோவு அப்படியே வந்தது. "இறுக்குங்கோ" என்றா, இறுக்கினேன். "இப்ப விடுங்கோ" என்றா, விட்டேன். "இன்னும் விடேல்லை" என்றா. நான் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் அடித்தசை பலமில்லாமல் தளர்ந்து கிடக்கவில்லை; விடத் தெரியாமல் இறுகிக் கிடந்தது. சுற்றியுள்ள தசைகள் செய்யாத வேலையையும் சேர்த்துப் பிடித்துக் களைத்துப் போயிருந்தது. அதைத்தான் நான் நாளைக்கு நூறு தரம் இன்னும் இறுக்கியிருக்கிறேன்.

வயிற்றை ஒரு பெட்டி என்று நினையுங்கோ என்று விளக்கினா. மேலே மூடியாகப் பிரிமென்றகடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற மூச்சுத் தசை. முன்னுக்கும் பக்கத்துக்கும் பட்டி கட்டியது போல ஆழத்து வயிற்றுத் தசை. பின்னுக்கு முள்ளந்தண்டை ஒட்டின சின்னத் தசைகள். அடியில் இடுப்புத்தளம், நான் அடித்தசை என்று சொன்னது. நான் விஞ்ஞான ஆசிரியை. மணிச்சாடிக்குள் பலூன் வைத்து, அடியில் கட்டின இறப்பர்த் தாளை இழுத்துக் காட்டி எத்தனையோ வகுப்புக்குச் சுவாசம் படிப்பித்திருக்கிறேன். அந்தத் தாளுக்குக் கீழே உடம்பில் இன்னொரு தாள் இருக்கிறது, மூச்சு உள்ளே போக அதுவும் சேர்ந்து இறங்க வேண்டும், வெளியே வர அதுவும் எழும்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வயிறு தெரியக்கூடாது என்று சேலைக்குள் எக்கிப் பிடித்தபடியே பன்னிரண்டு வருசம் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். தாள் எப்படி இறங்கும்?

முதல் ஐந்து கிழமை பலப்படுத்துகிற அப்பியாசம் ஒன்றுகூடத் தரவில்லை. மூச்சு மட்டும்தான். எனக்கு ஏமாற்றம். காசு கொடுத்து மூச்சு விடப் பழகுகிறேனா என்று வீட்டில் சொல்லி ஆதங்கப்பட்டேன். வைகாசி மாதம், கச்சான் காற்று தொடங்கியிருந்தது. எட்டு மணிக்கே சீமெந்துத் தரை சுடும். அதனால் விடிய ஐந்து மணிக்கு முதலே எழும்பிப் பாயை விரிப்பேன். கெண்டைக்கால் இரண்டையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாக்கப் படுத்து, ஒரு கையை விலாவிலும் மற்றதைத் தொப்புளுக்குக் கீழேயும் வைப்பேன். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுக்க, விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், அடிவயிறு எழும்ப வேண்டும், கதிரையில் இருக்கும்போது ஊன்றுகிற எலும்புகள் இரண்டும் விலகுவது போல இருக்க வேண்டும். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுவது. முக்கித் தள்ளக் கூடாது, தானாக இறங்க விட வேண்டும். காலையும் மாலையும் ஐந்து நிமிசம். பிறகு முழங்கால்களை அகட்டித் தலையணையில் கவிழ்ந்து படுத்து அதே மூச்சு. மல்லாக்கப் படுத்து முழங்கால்களைக் கக்கத்துப் பக்கம் இழுத்துப் பிடித்தும் ஒரு தரம்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வேலை தந்தா. ஒவ்வொரு பாட மணி அடிக்கும்போதும் வயிற்றை விட வேண்டும். முதல் நாள் எட்டு மணியிலும் எட்டுத் தரம் நான் எக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்தேன். கொமட்டில் இருக்கும்போது காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை வைக்கச் சொன்னா, முக்காமல் போவதற்கு. எதற்கும் ஒருக்காப் போவோம் என்று முட்டாத சலத்துக்குப் போவதையும் நிப்பாட்டச் சொன்னா. நாலாவது கிழமை ஒரு காலை, மூச்சு இறங்கும்போது கீழே ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கன்னியா கிணற்றடியில் வந்த அதே இளகல், சுடுதண்ணி இல்லாமலே.

அதற்குப் பிறகுதான் மற்ற அப்பியாசங்கள். கண்ணாடியில் ஊதி ஆவி படிய வைப்பது போல வாயால் மூச்சை விட, தொப்புளுக்குக் கீழ்ப்பகுதி மெல்ல உள்ளே போகும். அதைப் பிடித்துக்கொண்டே மூச்சை நிப்பாட்டாமல் 10 செக்கன். அப்படி 10 தரம். அதே பிடியில் ஒரு குதிக்காலைத் தரையில் வழுக்கி நீட்டி மடக்குவது. முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து இடுப்பை மேலே தூக்குவது. பக்கவாட்டில் படுத்து, பாதங்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலைச் சிப்பி திறப்பது போலத் திறப்பது. பிறகு நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. இதுதான் எனக்குக் கடைசி மட்டும் கஷ்டம் தந்தது. இடுப்பு ஆடுகிறதா என்று தெரிய நாரியில் வகுப்பு வரவு இடாப்பை வைப்பேன். சரிந்து விழும். மகன் எனக்கு அடியால் சுரங்கத்துக்குள் போவது போலத் தவழ்ந்து போய், விழுந்த இடாப்பை எடுத்துத் திரும்ப முதுகில் வைப்பான்.

கிழமைக்கு மூன்று நாள், நாற்பது நிமிசம். நான் அவசரப்பட்டபோது மிஸ் ஒரு ஆய்வைச் சொன்னா. நோர்வேயில் செய்து 2004இல் வெளிவந்தது. பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு வளைய நோவோடு இருந்த 81 பெண்கள், 20 கிழமை. ஆளுக்கேற்ற மாதிரி இப்படியான உறுதிப்படுத்துகிற அப்பியாசத்தைச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்தவர்களுக்கு நோவு மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது, பிள்ளை பெற்று ஒரு வருசத்துக்குப் பிறகும் அந்தக் குணம் நின்றது. "இருபது கிழமை. இரண்டு கிழமை இல்லை" என்றா. அந்த எண்ணைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

அளவு பார்க்க ஒரு வழி: நோவு பத்துக்கு மூன்று வரை வரலாம், அடுத்த நாள் விடிய அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாது, விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கிணற்று வாளி, காஸ் சிலிண்டர், நித்திரையான மகன், எல்லாத்துக்கும் இதுதான். எனக்குக் கூட உதவினது எது என்று கேட்டால் பாயில் செய்ததைவிட இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பாயில் நாற்பது நிமிசம், வாளியோடு நாள் முழுக்க.

நடக்கவும் சொன்னா. நான் ஆசையோடு உப்புவெளிக் கடற்கரைக்குப் போனேன். கால் புதையப் புதைய இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி, அன்றிரவு நித்திரையில்லை. பிறகு உள்துறைமுக வீதியில், மட்டமான தரையில், 10 நிமிசத்தில் தொடங்கி 35 வரைக்கும் கூட்டினேன்.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி. நாள் முழுக்க வெயிலில் நின்றேன், வாங்கில்களையும் தூக்கினேன். மூன்று நாள் படுக்கை. எட்டு மாதம் வீணாய்ப் போனது என்று மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் அழுதேன். "ஒண்டும் கிழியேல்லை, உடையேல்லை. தசை பயந்து திரும்ப இறுகியிருக்கு. மூண்டு நாள் மூச்சுக்குப் போங்கோ, பிறகு பாதி அளவு" என்றா. எட்டாவது நாள் வகுப்பில் நின்றேன். முன்பு இப்படி ஒன்று வந்தால் ஒரு மாதம் இழுக்கும்.

கணவரோடு சேர்ந்திருப்பதைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். இரண்டு வருசம் நான் விலகியே இருந்தேன், காரணம் சொல்லவில்லை. அவர் தன்னில் ஏதோ பிழை என்று நினைத்திருக்கிறார். மிஸ்தான் அதை நேரே கேட்டு, அவரையும் ஒரு நாள் கூட்டி வரச் சொன்னா. நோவு வந்தால் அங்கேயே நிப்பாட்டுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். அந்தப் பேச்சுக்குப் பிறகே பாதிப் பயம் போனது. மீதி மெல்ல மெல்லப் போனது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினோராவது மாதம், கோணேசர் கோயில் இருக்கிற பிரட்றிக் கோட்டை வாசலில் ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லி இறங்கினேன். அதற்கு முதல் எப்போதும் மேலே கோயிலடி மட்டும் ஓட்டோதான். மான்கள் நிழலில் படுத்திருந்தன. மகன் அதுகளைப் பார்க்க நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன், வயிற்றை விட்டு மூச்செடுத்தேன். ஏத்தத்தில் காலை எடுத்து வைக்கும்போது மூச்சை விட்டேன். கோணேசர் முன்னால் மற்றப் பெண்களோடு தரையில் இருந்தேன். பூசை முடிய, ஒரு கையை மட்டும் ஊன்றி எழும்பினேன். மாமி பார்த்துக்கொண்டே நின்றா, ஒன்றும் சொல்லாமல் என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டா.

முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதவிடாய்க்கு முதல் இரண்டு நாள் வலது பக்கம் முணுமுணுக்கும். திருவலையில் குந்தியிருந்து இரண்டு தேங்காய் துருவினால் எழும்பும்போது தெரியும். கிழமையில் மூன்று நாள் பாயை இன்றைக்கும் விரிக்கிறேன்.

ஆசிரியர் அறையில் ஒரு நாள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிக்க முதலே மூன்று பேர் தங்களுக்கும் இருக்கிறதென்றார்கள். ஒருவ பத்து வருசமாம், கணவருக்குக்கூடத் தெரியாதாம். கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்து கேட்டா. அவவுக்கு மருத்துவரிடம் நாள் எடுத்தாயிற்று. வருகிற புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கூடப் போகிறேன்.