குமுளி மலையேற்றமும் மூன்று பிளக்குகளும்

தேனிப் பக்கம் கம்பத்திலிருந்து கூடலூர் வரை சமதரையில் ஓட்டும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. லோயர் கேம்ப் தாண்டி, மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பென்ஸ்டாக் குழாய்கள் மலையிலிருந்து இறங்குகிற பக்கம் மூன்றாவது கியரில் மிதித்தால் மட்டும் ஒரு குலுக்கு குலுக்கும், புல்லிங் செத்துவிடும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சரியாகிவிடும். பழைய வேகன் ஆர், ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர்தான். ஒன்று மக்கர் பண்ணினாலே மற்ற இரண்டும் திணறுவது ஸ்டியரிங் வரைக்கும் வரும்.

குமுளியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சேட்டன் ஜீப் ஓட்டுகிறவர். ஒரு ரவுண்டு போய் வந்து, "மிஸ்ஸிங் ஆணு. பிளக் மாத்து, இதுக்கெல்லாம் வர்க்‌ஷாப் வேண்டா" என்றார். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டுப் போவதுதான் மிஸ்ஸிங், பிளக் என்றது பெட்ரோலைப் பொறிவிட்டுப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கை. ஏற்றத்தில் மட்டும் ஏன் இப்படி என்றால், பளு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பொறி தாவுவதற்கு வோல்டேஜும் கூடுதலாக வேண்டும், பிளக் முனை தேய்ந்து இடைவெளி அகன்று கிடந்தால் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருகிற இக்னிஷன் காயில் கொடுக்கிறது போதாது. சமதரையில் அதே காயில் சமாளித்துவிடும்.

கம்பத்தில் ஸ்பேர் கடையில் "நாலு பிளக்கா தம்பி?" என்றார். "மூணு போதும்ணே, மூணு சிலிண்டர்." சாதாரண நிக்கல் பிளக் பொதுவாக 40,000 கி.மீ. வாக்கில் மாற்ற வேண்டியது, இரிடியம் 1 லட்சம் வரை கூட ஓடும், விலையும் அதற்கேற்ப. நான் நிக்கலே வாங்கினேன். கூடவே 16 மி.மீ. பிளக் சாக்கெட், உள்ளே ரப்பர் வைத்தது. இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ரப்பர் இல்லாவிட்டால் கழற்றிய பிளக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வராது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை போய்விடும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறந்தேன். மேலே இருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, காயில் கனெக்டரின் பூட்டை அழுத்தி உருவி, போல்ட்டை எடுத்துவிட்டு, காயிலை லேசாகத் திருப்பிக்கொண்டே தூக்கினால் வந்துவிடும். அப்புறம் அவசரப்பட்டு சாக்கெட்டை இறக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த ஊர் மழை தெரியுமே, ஜூன் வாக்கில் இடவப்பாதி மழை ஆரம்பித்தால் துணியே காயாது. நடுக் குழியில் தண்ணீர் நின்று காய்ந்த தடம், பிளக்கின் அறுகோணத்தைச் சுற்றித் துரு, மேலே மண். அப்படியே கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். சைக்கிள் பம்பின் குழாயை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், மண் முகத்தில்தான் வந்து விழுந்தது.

கழற்றிய மூன்றையும் சிலிண்டர் வரிசை மாறாமல் அட்டையில் வைத்தேன். முனைகள் வெளிர் பழுப்பு, அதாவது எரிவது சரியாகத்தான் எரிகிறது. கரி பிடித்திருந்தாலோ எண்ணெய் படிந்திருந்தாலோ கதை வேறு. நடு மின்முனை மட்டும் விளிம்பெல்லாம் மழுங்கி உருண்டு போயிருந்தது, 1.0 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளியில் இடைவெளி அளக்கிற ஃபீலர் தகட்டில் அதைவிடத் தடித்ததே தாராளமாக நுழைந்தது. வெள்ளைப் பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று தெரியும், அதைப் பார்த்து கேஸ் லீக் என்று பயமுறுத்துவார்கள். உயர் வோல்டேஜ் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைக்கிற கறைதான் அது, ஒன்றும் பண்ணாது.

புது பிளக்கை இறக்க, பெட்ரோல் ரப்பர் டியூப் ஒரு துண்டு போதும். பிளக்கின் தலையில் செருகி, டியூபைக் கையால் திருகிக்கொண்டே போனால் மரை நேராகப் பிடிக்கும், கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சாக்கெட்டைத் திருகும் ராட்செட் கைப்பிடி இந்த நேரத்தில் கையிலேயே இருக்கக்கூடாது என்பேன். கையால் அடி வரை போனபின், வாஷர் உள்ள புது பிளக்குக்கு ராட்செட்டில் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள், அவ்வளவுதான். மரையில் கிரீஸ் தடவச் சொல்கிறவர்கள் உண்டு. என்ஜிகே கம்பெனியே வேண்டாம் என்கிறது, வழுக்கலில் தெரியாமல் அதிகமாக முறுக்கிவிடுவோம் என்பதால்.

மீண்டும் பூட்டி ஸ்டார்ட் பண்ணியதும் ஐடில் நிதானமாக நின்றது. மலையிலும் மூன்றாவது கியரில் இழுக்கிறது.

உங்கள் வண்டியில் பிளக் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால், சந்தேகப்படுகிற காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான், மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வேறு பக்கம் தேட வேண்டும். காயில் விலை பிளக் மாதிரி இல்லை, அதை வாங்க ஓடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.