பதினெட்டிலிருந்து சுழியத்துக்கு: ஒரு ஸ்கெட்ச் நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

ஒரு தாங்கு தகட்டில் இரு முனைகளும் வளைந்த நீள்துளை ஒன்றை, கணினியில் பாகங்களை வடிவமைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளில் வரைந்துகொண்டிருந்தேன். அதற்கென்றே ஒரு கருவி இருந்தாலும், பழக்கதோஷத்தால் இரண்டு கோடுகளையும் இரண்டு வில்களையும் கையாலேயே போட்டேன். கோடும் வில்லும் முறிவின்றிச் சேர வேண்டும் என்ற தொடுநிலைக் கட்டுப்பாடுகளால் (கட்டுப்பாடு என்பது வடிவம் மீறக்கூடாத விதி) நான்கு முனைகளையும் இணைத்தபின், இரு வில்களின் ஆரங்களுக்கும் ‘சமம்’ கொடுத்த மறுகணமே, மிகையான கட்டுப்பாடு என்ற எச்சரிக்கை வந்தது. ‘சமம்’ என்பதை நீக்கினால் எச்சரிக்கை போய்விடுகிறது, மீண்டும் போட்டால் வருகிறது. ஆரங்கள் சமமாக இருக்க வேண்டும் என்பதுதானே என் நோக்கம், அது எப்படி மிகையாகும் என்று அரைமணி நேரம் குழம்பினேன்.

கடைசியில் காகிதத்தை எடுத்து எண்ணத் தொடங்கினேன். ஒரு கோட்டுக்கு நான்கு சுதந்திர இயக்கக் கூறுகள், அதாவது அதை நிர்ணயிக்கத் தேவையான தனித்தனி எண்கள்; ஒரு வில்லுக்கு மையத்தின் இரண்டு, ஆரம் ஒன்று, முனைக் கோணங்கள் இரண்டு என ஐந்து. ஆக மொத்தம் 18. முனையோடு முனை சேரும் தொடுநிலை ஒவ்வொன்றும் மூன்றைப் பறிப்பதால், நான்கும் சேர்ந்து 12 போக மிச்சம் 6. நான் வரையும்போதே மென்பொருள் இரு கோடுகளுக்கும் தானாகக் ‘கிடைமட்டம்’ என்று ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவை இரண்டும் போக மிச்சம் 4. இணையான இரண்டு கோடுகளையும் தொட்டு நிற்கும் இரு வில்களின் ஆரம் அந்த இடைவெளியில் பாதியாகத்தான் இருக்க முடியும். ஆகவே சமம் என்பது நான் சொல்லாமலேயே ஏற்கெனவே நிறைவேறிவிட்டது.

எச்சரிக்கை ‘சமம்’ மீது விரலை நீட்டியதற்குக் காரணம், அது கடைசியாக வந்தது என்பது மட்டுமே. நான் நீக்கியது அதை அல்ல, இரண்டாவது ‘கிடைமட்டத்தை’. ஆரங்கள் சமம் என்பது இந்தத் துளையின் இயல்பு. அது படுத்திருப்பது இன்றைய நிலைமை மட்டும்தான்.

மார்ச் 4, செவ்வாய்

அதே துளையில் அடுத்த எச்சரிக்கை. இரு மையங்களும் ஆதிப்புள்ளிக்குச் சமச்சீராக இருக்க வேண்டும் என்று சொன்னதும் பாதி மிகை என்று புகார். ‘சமச்சீர்’ இரண்டு சமன்பாடுகளைக் கொண்டுவருகிறது, கிடைத்திசைக்கு ஒன்று, செங்குத்துத் திசைக்கு ஒன்று. இடது வில்லை வரையும்போது அதன் மையம் கிடை அச்சின்மீது தானாக ஒட்டிக்கொண்டிருந்ததால், இரண்டாவது சமன்பாடு சொல்ல வேண்டியதை அந்த ஒட்டு முன்பே சொல்லிவிட்டது. ஒட்டை நீக்கினேன். நீளத்துக்கு 40 மி.மீ., ஆரத்துக்கு 5 மி.மீ. கொடுத்ததும் மிச்சமிருந்த சுதந்திரக் கூறுகளின் எண்ணிக்கை சுழியமாகி, முழுதாக நிர்ணயமாகிவிட்டதன் அடையாளமாக ஸ்கெட்ச் பச்சையானது.

தானியங்கிக் கட்டுப்பாடுகளை முழுவதுமாக அணைத்துவிடச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தில் எட்டு முறை அவை சரியானதையே ஊகிக்கின்றன. வரைந்து முடித்ததும் கட்டுப்பாட்டுப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுவதே போதுமானது.

மார்ச் 6, வியாழன்

தகட்டின் ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே இருந்த திருகுத் துளை, தகட்டுக்கு வெளியே போய் நின்றது. சோதனைக்காகத் தூரத்தைச் சுழியமாக்கிவிட்டு மறுபடி 6 என்று கொடுத்ததுதான் நான் செய்த தவறு. புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரத்துக்குத் திசை கிடையாது. கோட்டின் இருபுறமும் அதற்கு விடை உண்டு. கட்டுப்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சால்வர் வடிவியலை நம்மைப்போல் பார்த்துப் புரிந்துகொள்வதில்லை. இருக்கும் நிலையிலிருந்து தொடங்கி, பிழை சுருங்கும்வரை எண்களை நகர்த்திப் பார்க்கிறது. ஐவன் சதர்லேண்ட் 1963இல் எம்ஐடியில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைகலை நிரலிலும் கட்டுப்பாடுகளைத் தீர்ப்பது இப்படிப்பட்ட எண்முறை வேலையாகவே இருந்தது. புள்ளி கோட்டின்மீதே கிடக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்ற நினைவு சால்வருக்கு இல்லை. ஓரத்தின் மூலைப்புள்ளிக்கும் துளையின் மையத்துக்கும் இடையே கிடைமட்டத் தூரமாக மாற்றிக் கொடுத்தேன். அதற்குத் திசை உண்டு என்பதால் சிக்கல் தீர்ந்தது.

மார்ச் 10, திங்கள்

டிஎக்ஸ்எஃப் என்ற வகை வரைபடக் கோப்பிலிருந்து கொண்டுவந்த வெளிவடிவத்தை உயர்த்தித் திடப்பொருளாக்க முயன்றால், வடிவம் மூடப்படவில்லை என்று மறுக்கிறது. திரையில் பார்த்தால் எல்லா மூலைகளும் சேர்ந்தே தெரிகின்றன. ஒவ்வொரு மூலையையும் சுட்டியால் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தேன். ஐந்தாவது மூலையில் ஒரு கோடு மட்டும் கையோடு வர, அடுத்த கோடு அசையாமல் அங்கேயே நின்றது. செயல்தவிர்த்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தபோது இடையே 0.002 மி.மீ. பிளவு. விடுபட்ட இணைப்புகளைத் தேடித்தரும் சரிபார்ப்புக் கருவிக்கு, எவ்வளவு இடைவெளி வரை ஒரே புள்ளியாகக் கருதலாம் என்ற பொறுதியளவைக் கொஞ்சம் பெரிதாகக் கொடுத்துவிட்டால், சின்னச் சின்ன விளிம்புகளின் இரு முனைகளையும் அது ஒன்றாகக் கருதிவிடும். 0.01 மி.மீ. கொடுத்தேன், அந்த ஒரே மூலையைத்தான் காட்டியது.

மார்ச் 12, புதன்

நீள்துளையை 15 பாகை சாய்க்க வேண்டும் என்று மாற்றம் வந்தது. மிச்சமிருந்த ஒரே ‘கிடைமட்டத்தை’ எடுத்துவிட்டுக் கோணத்தைக் கொடுத்தேன். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் துளை திரும்பியது, எண்ணிக்கை சுழியம், பச்சை நிறம், எல்லாம் சரி. மார்ச் 3 அன்று ‘சமத்தை’ நீக்காமல் விட்டது நல்லதாயிற்று என்று கோப்பைச் சேமித்தேன்.

மாலையில் வரைபடத்தில் அளவெடுத்தபோது மையங்களுக்கிடையே 41.41 மி.மீ. இருந்தது. நீளத்தை நான் கிடைமட்டத் தூரமாகக் கொடுத்திருந்தேன். துளை படுத்திருந்தவரை அதுவும் உண்மை நீளமும் ஒன்றே. இப்போது கிடைத்திசையில் 40 மாறாமலிருக்க, சாய்ந்த நீளம்தான் வளர்ந்திருக்கிறது. வியாழனன்று என்னைக் காப்பாற்றிய அதே வகை அளவு இது. அதை மையத்திலிருந்து மையத்துக்கான நேர்த்தூரமாக மாற்றினேன்.