மீதி இரண்டு ஓவர்

மலர்க் குழுவினர் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு கொப்பித்தாள். ஒற்றை ரூல் கொப்பியின் நடுவிலிருந்து கிழித்தது. அதில் ஆறு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண், கீழே கோடிட்டு 50 என்று கூட்டுத்தொகை. ஆறாவது பெயர் மட்டும் வேறு ஒருவனின் கையெழுத்தில் இருந்தது.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். இலங்கையும் அவுஸ்திரேலியாவும். அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தின் தென்மராட்சிப் பகுதியில் இருந்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி நடந்ததைப் பற்றி இந்த மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள், நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கல்லூரிக்கென்று கட்டடமும் இல்லை, மைதானமும் இல்லை. வேறொரு பாடசாலை காலையில் தன் வகுப்புகளை முடித்த பிறகு, பின்னேரத்தில் நாங்கள் போய் அதே வாங்குகளில் இருப்போம். இடம் போதாத வகுப்புகள் மரத்தடியில் நடக்கும்.

எங்கள் அணியும் அந்த மரத்தடியில்தான் இருந்தது. விளையாட இடமில்லாத அணி. ஆனால் எங்களுடைய வேகப்பந்து வீச்சாளன் ஓடிவந்த இரவில் சைக்கிள் காரியரில் அரிசிப் பைக்கும் தலையணைக்கும் நடுவில் ஒரு தோல்பந்தைச் செருகிக்கொண்டு வந்திருந்தான். தையல் தேய்ந்து ஒரு பக்கம் பிய்ந்த பந்து. பேசும்போது அது கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பந்து யாரிடம் இருக்கிறதோ அவன்தான் பேசலாம் என்பது எழுதாத சட்டம்.

வியாழக்கிழமை இரவு மொகாலியில் அவுஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளை 5 ஓட்டங்களால் வென்றது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிப் பாடம் முடிய முன்னரே வாதம் தொடங்கிவிட்டது.

முதல் வாதம் நாணயச் சுழற்சி. எங்களில் ஒருவன் பழைய ஆட்டங்களின் விபரங்களை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பவன். அவன் பந்தை வாங்கிக்கொண்டு சொன்னான்: "1975, 79, 83, 87, 92. அஞ்சு இறுதியாட்டம். அஞ்சிலும் முதல்ல பற்றிங் செய்த அணிதான் வெண்டது. அதிலயும் முதல் மூண்டு தரமும் ரொஸ்ஸில வெண்டு பீல்டிங் எடுத்த கப்டன்தான் தோத்தவர். இதுக்குப் பிறகும் என்ன கதை?"

இதற்கு யார் பதில் சொல்வது? புதன்கிழமை கல்கத்தாவில் நடந்ததும் அவன் பக்கம்தான் நின்றது. அசாருதீன் ரொஸ்ஸில் வென்று களத்தடுப்பைத் தேர்ந்தார். இலங்கை 251 அடித்தது. பிறகு ஆடுகளம் பிய்ந்து, பந்து கண்டபடி திரும்பி, இந்தியா 120க்கு 8 விக்கெட் என்ற நிலையில் பார்வையாளர்கள் குழப்பம் செய்ய ஆட்டம் நின்றுபோனது. வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு வெளியேறினார் என்று அறிந்து, இந்தியாவை ஆதரித்த எங்கள் நண்பன் ஒருவனும் அழுதான்.

மறுத்துப் பேசியவன் எங்கள் விக்கெட் காப்பாளன். "டெல்லியில 272 துரத்தி அடிச்சவங்கள். பைசலாபாத்தில இங்கிலாந்தைத் துரத்தி அடிச்சவங்கள். ஜயசூரிய 44 பந்தில 82. துரத்திறதுதான் இவங்கட பலம். கல்கத்தாப் பிட்ச்சைத் தூக்கி லாகூருக்குக் கொண்டுபோகேலாது."

சத்தம் கேட்டு எங்கள் கணித ஆசிரியர் வந்தார். சேர் இளமையில் சுழற்பந்து வீசியவர். ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் கிணற்றடியில் இருந்த வாளியைக் கொண்டுவரச் சொல்லி, பந்தை அதற்குள் போட்டார். கொஞ்ச நேரம் விட்டு எடுத்து, உதறி, எங்கள் சுழற்பந்து வீச்சாளனிடம் கொடுத்தார்.

"இப்ப திருப்பிப் போடு பாப்பம்."

அவன் விரல்களைத் தையலில் வைத்து மணிக்கட்டைத் திருப்பினான். பந்து விரலைவிட்டு வழுக்கி, முழு உயரத்தில் நேரே போய் வேலிக்கதியாலில் விழுந்தது. இன்னொரு தரம் போட்டான். இந்தத் தரம் அவன் காலடியிலேயே குத்தியது. காற்சட்டையில் தேய்த்துவிட்டு மூன்றாவது தரம் போட்டபோதும் பந்து திரும்பவே இல்லை.

"இது பகலிரவு ஆட்டம். இரவில புல்லு நனையும். பந்து எல்லைக்குப் போய்த் திரும்பி வரேக்கை ஈரமாத்தான் வரும். அவங்களிட்டை ஆர் இருக்கிறது?" என்று சேர் கேட்டார்.

"வோர்ன்" என்று ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். மொகாலியில் 4 விக்கெட் எடுத்த ஷேன் வோர்னை நினைத்துத்தான் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பயத்தை ஒரு வாளித் தண்ணீரால் பாதியாக்கியவர் எங்கள் சேர். கொப்பிக்காரன் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கை ஒரு வாளி மாற்றாது என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் இருந்தான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. கையில் இருந்த ஆதாரம் முழுவதும் அவனுடையதுதான்.

சனிக்கிழமை வகுப்பு இல்லை. ஆனாலும் கூடினோம். அன்று முழுக்கப் பந்துவீச்சு. எங்கள் வாழ்நாளில் அவ்வளவு காரசாரமாக வேறெதையும் பேசியிருக்க மாட்டோம்.

வாஸ் 10 ஓவர். அதில் மாற்றுக் கருத்து இல்லை. தர்மசேன 10. ஜயசூரிய 10. முரளிக்கு வந்தபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மெல்பேர்னில் 1995 டிசம்பர் 26ஆம் திகதி நடுவர் டரல் ஹெயார், முரளிதரன் பந்தை வீசாமல் எறிகிறார் என்று சொல்லி, ஏழு தடவை நோபோல் அறிவித்திருந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே அவுஸ்திரேலியா. கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அவர்கள் கொழும்புக்கு வர மறுத்ததால் முதல் சுற்றில் இரண்டு அணிகளும் மோதவில்லை. அதனால் முரளி அவர்களுக்கு முன்னால் பந்தோடு நிற்கப்போவது அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"திருப்பியும் நோபோல் எண்டு கையை நீட்டினா?" என்று ஒருவன் கேட்டான்.

எங்கள் சுழற்பந்து வீச்சாளன் பந்தை வாங்கினான். "நீட்டினாலும் பத்து ஓவரும் அவன்தான் போடவேணும். போடாம விட்டா, அவங்கள் சொன்னது சரி எண்டு ஆகிடும்."

பந்தை அவன் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்கவும் ஒருவரும் இல்லை. முரளி 10 என்று எழுதினோம்.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். அந்த மரத்தடியில் இருந்த எல்லாரும் இலங்கை வெல்லவேண்டும் என்று விரும்பியவர்கள் அல்லர். வீட்டையும் ஊரையும் விட்டு வந்த ஐந்தாவது மாதம் அது. இலங்கை அணியின் பெயரைக் கேட்கவே விரும்பாமல் எழுந்து போனவனும் இருந்தான். அவனை நாங்கள் ஒருவரும் பிழை சொல்லவில்லை. நான் முரளிக்காகக் கேட்டேன். அரவிந்தவின் மட்டைக்காகவும் கேட்டேன். இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொள்ள அந்த வயதில் எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் முடிந்தது.

சரி, பந்துவீச்சுக்கு வருகிறேன். பெரிய சண்டை விக்கிரமசிங்கவைப் பற்றித்தான். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் அவருக்குப் பத்து ஓவரும் வேண்டும் என்று நின்றான். மற்றப் பக்கம் அவரை நிறுத்திவிட்டு, குழுவில் இருந்த உபுல் சந்தனவை எடுக்கவேண்டும், லெக் ஸ்பின்னும் கிடைக்கும், களத்தடுப்பும் கூடும் என்றார்கள். "ஒரு வேகப்பந்து வீச்சாளனோட இறுதியாட்டம் ஆடுறதோ? வாஸுக்கு அடி விழுந்தா புதுப் பந்தை ஆர் எடுக்கிறது?" என்று இவன் கத்தினான். ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில் விக்கிரமசிங்க அணியில் இருக்கட்டும், ஆனால் 8 ஓவர் என்று சமாதானம் ஆனது. வெற்றி பெற்ற அணியைக் கடைசி ஆட்டத்தில் கலைக்கக்கூடாது என்பது என் கட்சி. அதில் நான் இன்றும் மாறவில்லை.

கூட்டிப் பார்த்தால் 48.

மீதி இரண்டு ஓவரை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. யாராவது போடட்டும் என்று கொப்பியை மூடப் போனோம். அப்போதுதான் பின்னால் நின்ற எட்டாம் வகுப்புத் தம்பி வாய் திறந்தான். அவன் அணியில் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் அள்ளித் தருவான், வேலிக்கு அப்பால் போன பந்தை எடுத்து வருவான். பேச்சு நடக்கும்போது எப்போதும் பக்கத்தில் நிற்பான். பந்து அவன் கைக்கு வந்ததே இல்லை.

"அண்ணா, அரவிந்தவுக்குக் குடுங்கோ."

"அவர் பற்றிங்குக்கடா."

"டெய்லர் இடக்கை. பெவனும் இடக்கை. அரவிந்தவின்ர பந்து அவையளுக்கு வெளியால போகும்."

"அதுக்கு முரளியும் தர்மசேனவும் இருக்கினம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "முரளிக்கு அவையள் ஆயத்தமா வருவினம். அரவிந்தவுக்கு ஆரும் ஆயத்தமா வரமாட்டினம் அண்ணா."

விக்கெட் காப்பாளன் பந்தை அவனிடம் எறிந்தான். பேனையையும் கொடுத்தான். தம்பி முழங்காலில் தாளை வைத்து, குண்டு குண்டான எழுத்தில் "அரவிந்த டி சில்வா 2" என்று எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் சைக்கிளை இரட்டை ஸ்ரான்டில் நிறுத்தினோம். 1990இலிருந்து மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. டைனமோவை பின் ரயரில் அழுத்திவிட்டு, அதிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்திருந்தோம். ஒரே வேகத்தில் மிதிக்கவேண்டும். கால் தளர்ந்தால் வர்ணனையாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். அதனால் ஓவருக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். மிதிக்கிறவனுக்கு டைனமோவின் இரைச்சல்தான் கூடக் கேட்கும், மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் என்ன நடந்தது என்று பிடிப்பான்.

ரணதுங்க ரொஸ்ஸில் வென்றார். களத்தடுப்பு என்றார். கொப்பிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். மார்க் வோ 12 ஓட்டங்களில் போனார். அதற்குப் பிறகு டெய்லரும் பொண்டிங்கும் நின்றார்கள். வாஸுக்கு அடி, விக்கிரமசிங்கவுக்கு அடி. எங்கள் தாளில் இருந்த எண்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நூறு தாண்டியது. 137க்கு 1.

தம்பியின் முறை வந்தபோது அரவிந்த பந்து வீசிக்கொண்டிருந்தார். அவன் இருக்கையில் இருந்தால் கால் எட்டாது, எழுந்து நின்றுதான் மிதிப்பான். டெய்லர் பிடிகொடுத்தார், ஜயசூரிய பிடித்தார், 74. நாங்கள் துள்ளியதைப் பார்த்து அவன் மிதியிலிருந்து குதித்துவிட்டான். சில்லு தன்பாட்டில் கொஞ்சம் சுற்றி, குரல் தேய்ந்து நின்றே போனது. "மிதியடா, மிதியடா!" என்று எல்லாரும் கத்த, திரும்ப ஏறினான். குரல் அடியிலிருந்து மெல்ல எழும்பி வந்தது. அன்று அதற்குப் பிறகு அவன் யாருக்கும் முறை கொடுக்கவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பொண்டிங் 45இல் அரவிந்தவின் பந்தில் போல்ட். வோர்ன் முரளியின் பந்தில் ஸ்டம்ப். ஸ்டீவ் வோ அடித்ததைப் பிடித்ததும் அரவிந்த. 137க்கு 1 என்று நின்றவர்கள் 170க்கு 5. பிறகு ஹீலியும் அரவிந்தவின் பந்தில் போல்ட். மொத்தம் 241.

அரவிந்த வீசியது 9 ஓவர், 42 ஓட்டங்கள், 3 விக்கெட். முரளி பத்து ஓவரையும் வீசி முடித்து 31தான் கொடுத்திருந்தார். நோபோல் என்று ஒரு கையும் நீளவில்லை. எங்கள் சுழற்பந்து வீச்சாளன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய், சிறிது நேரம் கழித்துத்தான் வந்தான்.

இரவு ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஜயசூரியவும் களுவிதாரணவும் போய் 23க்கு 2. குருசிங்க 65. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. ரணதுங்க 47. வோர்ன் பத்து ஓவர் வீசி 58 ஓட்டங்கள் கொடுத்தார், விக்கெட் இல்லை. அவரது பந்து கையில் வழுக்குகிறது என்று வர்ணனையாளர் சொன்னபோது இருட்டுக்குள்ளிருந்து யாரோ "வாளி!" என்றான். சேர் அங்கே இருந்தார். சிரித்ததும் கேட்டது. 46.2 ஓவரில் 245க்கு 3. இறுதியாட்டத்தில் துரத்தி வென்ற முதல் அணி. கொப்பிக்காரன் அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் இழுத்து, தன் கொப்பியில் ஆறாவது வரியை எழுதினான்.

நான் அந்தத் தாளை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் 2ஐ வெட்டிவிட்டு 9 என்று எழுதினான். வாஸுக்கு நேரே இருந்த 10ஐ 6 ஆக்கினான். விக்கிரமசிங்கவுக்கு 7, ஜயசூரியவுக்கு 8. கூட்டிப் பார்த்தான். 50. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த மாதம் தென்மராட்சியும் இராணுவத்திடம் போனது. சிலர் வலிகாமத்துக்குத் திரும்பினோம், சிலர் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்குப் போனார்கள். தம்பியின் குடும்பம் வன்னிக்குப் போனது என்று அறிந்தேன். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. இந்த மலர் பல நாடுகளுக்குப் போகிறது. தம்பி, இது உன் கண்ணில் பட்டால் சங்கத்துக்கு ஒரு வரி எழுது. அந்தத் தாள் உன்னிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

விக்கிரமசிங்கவுக்காகச் சண்டை பிடித்தவன் இப்போது என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். போன மாதமும் சந்தித்தோம். பத்து ஓவர் கொடுத்திருக்கவேண்டும் என்றுதான் இன்னும் சொல்கிறான்.