ஏணியின் ரப்பர் கால்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது மொழி எனக்குத் தொல்லை தரவில்லை. மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் பிள்ளைகள் தமிழில் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்டதும் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பயம் வேலை இடத்தில் காத்திருந்தது.

கோழி அறுத்துச் சுத்தம் செய்யும் தொழிற்சாலை. எனக்கு இரவில் கழுவும் வேலை. கோழிகளைத் தொங்கவிடும் கொக்கிகள் தலைக்கு மேலே ஓடும். ஏணி வைத்து ஏறி, அவற்றில் ஒட்டிய கொழுப்பை நுரை அடித்துக் கழுவ வேண்டும். வெந்நீரில் உருகும் கொழுப்பு, குளிர்ந்த தரையில் விழுந்ததும் மெழுகாகப் படிந்துவிடும். பூட்ஸைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பள்ளங்கள் எல்லாம் வெள்ளையாக அடைத்திருக்கும். அந்தப் பூட்ஸோடுதான் அலுமினியப் படியில் ஏறுவோம்.

அன்று ஏணியின் ஒரு காலில் ரப்பர் உறை இல்லை. பார்த்தேன், பார்த்தும் ஏறினேன். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேறு ஏணி கேட்க வாய் வரவில்லை. ஏணியின் அடி வழுக்கிக்கொண்டு போனது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

"விடுதிக் குளியலறையில் விழுந்தேன் என்று சொல்லிவிடு" என்றார் மேற்பார்வையாளர். அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டின் பாதுகாப்பு உண்டு. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாவிட்டால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இதையெல்லாம் பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் அண்ணன்தான் சொன்னார். ஊரில் பணம் வாங்கிய ஏஜெண்ட் ஒரு வரி சொல்லவில்லை.

அண்ணனின் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உயரத்தில் சீவ நாங்களும் ஏணி வைத்துத்தான் ஏறினோம், தம்பி. மழை பெய்தால் அன்று வேலை கிடையாது. உனக்குத் தினமும் உள்ளேயே மழை பெய்கிறதே!"

கை சேர்ந்து மறுபடி வேலைக்குப் போகிறேன். இப்போது ஏணியைச் சாய்த்து இரண்டு கால்களையும் தடவிப் பார்க்கிறேன். 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி வைத்து, ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன். சென்ற வாரம் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் முதல் படியில் கால் வைத்துவிட்டான். இறங்கச் சொன்னேன். இருவரும் தூரிகை எடுத்து, முதலில் பூட்ஸ் அடியைத் தேய்த்துக் கழுவினோம்.