முதலாண்டு பி.எஸ்சி., ஆகஸ்ட்

ஆகஸ்ட் 5, திங்கள்

மேலே எறிந்த பந்து. கையை விட்டுக் கிளம்பியாயிற்று, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதன்மேல் என்னென்ன விசை? போர்டில் நான்கு விடைகள் எழுதினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் ஏ, பி, சி, டி எழுதிய அட்டைகள் எல்லோர் கையிலும். ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பாதிக்கு மேல் பி: கை கொடுத்த விசை மேல்நோக்கி, புவியீர்ப்பு கீழ்நோக்கி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நியூட்டன் விதிகளை ஒப்பிக்கிற பிள்ளைகள்!

வேறு அட்டை தூக்கியவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றேன். வகுப்பே சந்தைக்கடை ஆனது. நடுவில் ஒரு பையன் பக்கத்திலிருப்பவனிடம், "கை இங்கேயே இருக்குடா, அது எப்படி மேலே போய்த் தள்ளும்?" மறுபடி தூக்கச் சொன்னேன். பெரும்பாலும் சி, புவியீர்ப்பு மட்டும். நான் இதை விளக்கியிருந்தால் அவன் சொன்ன அளவுக்கு வந்திருக்காது.

ஜன்னலோரத்துப் பெண் மட்டும் அட்டையை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 6

நான் இங்கே வேலையில் தொடர்வதற்கான ஆர்டர் வரவில்லை.

ஆகஸ்ட் 8

பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் பற்றிப் புகார். எச்.ஓ.டி. கூப்பிட்டு, "போர்ஷன் எப்போ முடிப்பீங்க மேடம்?" என்றார். ஐந்து யூனிட்டையும் முடித்துவிடுவேன், அதில் பயமில்லை. யாருக்காக முடிக்கிறோம் என்பதுதான் இரவெல்லாம் ஓடுகிறது.

மாணவர்களையே ஒருவருக்கொருவர் பேசவைக்கிற இந்த முறை, இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் ஹார்வர்டில் 1991இல் தொடங்கியது. அடிப்படையான ஒரு தேர்வை வைத்தபோது ஒரு மாணவி கேட்டாளாம், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று. அங்கேயே அப்படி என்றால் இங்கே கேட்கவா வேண்டும். நூற்றுக்கு முப்பதிலிருந்து எழுபது பேர் வரை சரியாகச் சொன்னால் பேசவிடு; அதற்குக் கீழே என்றால் திரும்ப நடத்து; மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகர். இதில் நேரம் எங்கே வீணாகிறது? எங்கே தெரியவில்லையோ அங்கேதானே நிற்கிறோம்.

ஆகஸ்ட் 12

கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ இதைத்தான் அளந்தார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில்களும் நீளும், பேசாதவர்களும் பேசுவார்கள். அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று மேடையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

ஜன்னலோரம் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆகஸ்ட் 14

"மேடம், நீங்களே நடத்தி நோட்ஸ் கொடுத்துடுங்களேன். இப்படிப் பண்ணினா ஒண்ணுமே புரியாத மாதிரி இருக்கு."

கேட்டது நன்றாகப் படிக்கிற பையன். அதனால்தான் சுருக்கென்றது. ஆனால் அவன் சொல்கிற அந்த உணர்வு உண்மையானது. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடமே சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். தாங்களே போட்டுப் பார்த்துக் கற்றவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள், தேர்விலோ அவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். சரளமான விரிவுரை புரிந்த மாதிரி இருக்கும். மூளை வேலை செய்தால் கஷ்டமாகத்தான் இருக்கும். இதை அவனிடம் அப்படியே சொன்னேன். நம்பினானா தெரியவில்லை. இன்டர்னல் வரட்டும்.

ஆகஸ்ட் 20

225 ஆய்வுகளைத் திரட்டி ஃப்ரீமன் என்கிற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2014இல் வெளியிட்ட கணக்கு: வெறும் விரிவுரையில் தோற்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 34, மாணவர்களை ஈடுபடுத்துகிற வகுப்பில் 22. அறுபது பேர் உள்ள வகுப்பில் அந்த வித்தியாசம் ஏழு பிள்ளைகள். வேறு ஊர், வேறு கல்லூரிகள்தான். ஆனாலும் இன்று வருகை எடுக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன், அந்த ஏழு பேர் யார் யார் என்று. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். ஒரு அரியர் விழுந்தால் "போதும், வேலைக்குப் போ" என்று சொல்லக் காத்திருக்கிற வீடுகளும் இருக்கின்றன.

ஆகஸ்ட் 22

ஆபீஸில் கேட்டேன். "வந்தா சொல்வோம் மேடம்." இந்த செமஸ்டர் முழுக்க இவர்களோடு இருக்க விட்டால் போதும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது?

ஜன்னலோரத்துப் பெண் அட்டை தூக்கினாள்! ஏ. லாரிதான் அதிகம் என்கிற தப்பான விடை, கையை முழுசாக நீட்டி. பக்கத்திலிருந்தவள் மூன்றாம் விதியைச் சொல்லி மடக்கப் பார்த்தாள். இவள் விடவில்லை: "சரி, ரெண்டும் சமம்னே வெச்சுக்க. அப்புறம் ஏன் கார்ல இருக்கிறவருக்கு மட்டும் அவ்வளவு அடி?"

அந்த பெஞ்சில் யாரிடமும் பதில் இல்லை. மணி அடித்துவிட்டது. வேண்டுமென்றே நானும் சொல்லவில்லை. வாசலில் நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 27

நாளை டைம்டேபிளில் மூன்றாம் நாள் (டே ஆர்டர் 3), முதல் மணி எனக்கு. அவள் கேள்வியையே போர்டில் எழுதித் தொடங்க வேண்டும். அதே விசை, நிறை பத்தில் ஒரு பங்கு, முடுக்கம் என்ன ஆகும் என்று நான்கு விடைகள் தயார். இரண்டாம் விதியின் பெயரை நான் எடுக்கப் போவதில்லை, அவர்கள் எடுக்கட்டும். நான்கைந்து அட்டை கிழிந்திருக்கிறது, அக்கா வீட்டில் பழைய பத்திரிகை கேட்டு வாங்க வேண்டும்