அரிப்பில்லாத வீக்கம்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் முகம் வீங்கி வருகிறவர்களை அவசரப் பிரிவில் அடிக்கடி பார்க்கலாம். மாங்காய்ப்பால் பட்டது, பூச்சி கடித்தது, மாத்திரை சேரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அரிப்பும் தடிப்பும் இருக்கும், ஊசி போட்டதும் வடிந்துவிடும்.

மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கும் அந்த அம்மாவுக்கு அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. கடைவாய்ப்பல் பிடுங்கிய மறுநாள் உதடு தடித்து, நாக்கு வீங்கி, குரல் கம்மிப்போய் வந்தார். அட்ரினலின், அவில், ஸ்டீராய்டு எதற்கும் வீக்கம் அசையவில்லை. மயக்க மருத்துவர் குழாய் செருகத் தயாராகப் பக்கத்திலேயே நின்றார்.

பழைய சீட்டுகள் எல்லாவற்றிலும் ‘அலர்ஜி’ என்றே இருந்தது. வயிற்றில் குடல்வால் ஆபரேஷன் தழும்பு. மகனிடம் விசாரித்தேன். “ஆபரேஷன் பண்ணியும் வயித்துவலி நிக்கல சார். அம்மாவைப் பெத்த தாத்தாவும் இப்படித்தான் தொண்டை அடைச்சு ராத்திரியோட ராத்திரியா போயிட்டாரு.”

அந்தத் தாத்தாதான் வழி காட்டினார். பரம்பரை ஆஞ்சியோஎடிமா. சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் குறைந்தால் பிராடிகைனின் என்ற வேதிப்பொருள் பெருகி, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். அலர்ஜி வீக்கத்துக்குக் காரணமான ஹிஸ்டமினுக்கு இதில் வேலையே இல்லை, பிறகு அதை அடக்கும் அவில் எப்படிக் கேட்கும்? குடல் சுவர் வீங்கினால் வயிற்றுவலி. ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக இது வந்ததை வில்லியம் ஆஸ்லர் 1888-லேயே எழுதிவிட்டார். சுமார் 50,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்பதால் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று சிலர் வருந்துவார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கென்றே உள்ள சி1 இன்ஹிபிட்டர் ஊசியும் ஐகாட்டிபன்ட் ஊசியும் எங்கள் கையில் இல்லை. ரத்த வங்கியிலிருந்து உறைய வைத்த பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) வாங்கி ஏற்றினோம், அதில் அந்தப் புரதம் இருக்கிறது. சில சமயம் பிளாஸ்மாவே வீக்கத்தைக் கூட்டிவிடும் என்பதால் யாரும் கட்டிலை விட்டு நகரவில்லை. விடியும்போது குரல் தெளிந்தது.

சி4 என்ற இன்னொரு ரத்தப் புரதத்தின் அளவைப் பார்க்க ரத்தம் பெங்களூருக்குப் போனது, மிகக் குறைவாக இருந்தது. வீக்கம் இல்லாத நாளில் எடுத்தாலும் பலருக்கு இது குறைந்தே இருக்கும். அப்புறம் சி1 இன்ஹிபிட்டர் அளவையும் அது வேலை செய்யும் திறனையும் பார்த்து உறுதி செய்தோம். மகனுக்கும் இருக்கிறது, இதுவரை வீங்கியதில்லை. இருவருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பிரஷருக்கு எனலாப்ரில் வேண்டாம், பல் பிடுங்கும் முன் காட்டவும், தொண்டை வீங்கினால் காத்திருக்க வேண்டாம். பேத்திக்கும் ரத்தம் எடுக்க வேண்டும்.