மடிக்காமல் வாசித்த சஞ்சிகைகள்

மாமா லண்டன் ஈஸ்ற்ஹாமில் ஒரு பேப்பர்க் கடையில் வேலை செய்தார். கடை ஒரு குஜராத்திக்காரருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியப்புறம் 5 மணிக்குக் கதவு திறக்கும். 1985 ஆம் ஆண்டு, எனக்கு 13 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. ஞாயிறு பேப்பர்களுக்குள் இணைப்புத் தாள்களைச் செருகுவது என் வேலை. விரல்கள் குளிரில் விறைத்து, அச்சு மையில் கறுத்துப் போகும். வேலை முடிந்து கையை நன்றாகக் கழுவிவிட்டால், 8 மணிக்குச் சனம் வரத் தொடங்கும் வரைக்கும் சஞ்சிகை அடுக்கு எனக்குத்தான். மாமா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

“தம்பி, மடிக்காமல் பார். மூலை மடிஞ்சால் திருப்பி எடுக்கமாட்டாங்கள்.”

அடுத்த மாத இதழ் வந்து இறங்கியதும் விற்காத பிரதிகளை எண்ணி, கயிற்றால் கட்டி, மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கு மாமாவின் பொறுப்பு. ஆகவே நாலு ஞாயிறு என் கையில் இருந்த சஞ்சிகை, ஐந்தாவது ஞாயிறு போனால் இருக்காது. முதுகுத் தையல் விரியாமல், இரண்டு உள்ளங்கையிலும் தாங்கி, பாதி திறந்த கதவுக்குள்ளால் எட்டிப் பார்ப்பதுபோல வாசிக்கப் பழகினேன். இன்றைக்கும் புத்தகத்தை அப்படித்தான் பிடிக்கிறேன்.

நான் தேடிப் போனது கொம்பியூட்டர் விளையாட்டுச் சஞ்சிகைகளை. அந்த அடுக்கில் என்ன இல்லை? 1981 நவம்பரில் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’, ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கொம்பியூட்டர் வந்த 1982 ஆம் ஆண்டே தொடங்கிய ‘சின்க்ளெயர் யூஸர்’, கொமடோர் 64 என்ற இன்னொரு கொம்பியூட்டர் வைத்திருந்தவர்களுக்கென்று 1985 இல் புதிதாக வந்த ‘ஸாப் 64’. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு, ‘கிராஷ்’. 1984 பெப்ரவரியில் முதல் இதழ். வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் லட்லோ என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. லண்டனிலிருந்து வரவில்லை என்பதே எனக்கு ஒரு தைரியமாக இருந்தது. பெரிய பட்டணத்துக்கு வெளியில் இருந்தும் நாட்டையே வாசிக்க வைக்கலாம் என்று அது காட்டியது. 1986 அளவில் அதன் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

நான் கிராஷை வாசிக்கத் தொடங்கிய நாளில் எங்கள் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. ஆறு மாதம் இல்லை. ஆனாலும் எந்த விளையாட்டில் எத்தனை அறை, எந்த அறையில் எந்தப் பூச்சி எந்தப் பக்கமாக நடக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு விளையாட்டு 5 பவுண் 50 பென்ஸ், பெரிய பெயர் என்றால் 9 பவுண் 95. மாஸ்ரட்ரொனிக் என்ற நிறுவனத்தின் மலிவு விளையாட்டுக் கசற்றுகள் 1 பவுண் 99க்கு எங்கள் கடையிலேயே தொங்கின. அதையும் யோசித்துத்தான் வாங்கவேணும். எங்கள் வகுப்பில் இருந்த அரைவாசிப் பேருக்கு இதே நிலைதான். அந்தக் காலத்து விளையாட்டுகளைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் கருவிகளையும் கசற்றுகளையும் பட்டியல் போடுகிறார்கள். நாங்கள் விளையாடியதைவிட வாசித்தது பல மடங்கு. விளையாட்டு முதலில் நடந்தது தாளில்.

கிராஷின் விமர்சனப் பக்கத்தைச் சொல்லவேண்டும். ஒரு விளையாட்டைப் பற்றிப் பொதுவான விளக்கம் முதலில். அதன்பிறகு மூன்று பேர் தனித்தனியே தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்வார்கள். பெயர் இராது. ஒருவர் புகழ்ந்ததை மற்றவர் மறுப்பதும் உண்டு. கடைசியில் படங்களுக்கு இத்தனை வீதம், விடமுடியாமல் இழுக்கும் தன்மைக்கு இத்தனை, கொடுத்த காசுக்குப் பெறுமதி இத்தனை என்று மதிப்பெண்கள். 90 வீதத்துக்கு மேல் போனால் அது ‘கிராஷ் ஸ்மாஷ்’. அப்படி அபிப்பிராயம் எழுதியவர்களில் பலர் லட்லோவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பொடியன்கள் என்பதைப் பிறகு அறிந்தேன். பள்ளி விட்டதும் அலுவலகத்துக்குப் போய் விளையாடி, எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். என் வயதுக்காரன் ஒருவன் சொன்னதை நாடு முழுக்க அச்சடித்து, அதை நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த எனக்கு அது சின்ன விசயமே இல்லை.

என் ஆங்கிலமும் அங்கேதான் நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தந்த புத்தகம் என்னைக் குழந்தையாக நினைத்துப் பேசியது. கிராஷ் அப்படிப் பேசவில்லை. தெரியாத சொல்லைக் கையில் எழுதிக்கொண்டு போய் மாமாவின் அகராதியில் பார்ப்பேன். கடிதப் பகுதியை லொயிட் மங்ரம் என்பவர் நடத்தினார். அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன், அச்சாகவில்லை. அப்படியொரு மனிதர் இல்லை, ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள் அந்தப் பெயரில் எழுதினார்கள் என்று பல வருசம் கழித்துத் தெரிந்தபோது, தெரிந்த ஒருவர் செத்துப்போன மாதிரி இருந்தது.

1985 கடைசியில் மாமா பழைய ஸ்பெக்ட்ரம் ஒன்றை 40 பவுணுக்கு வாங்கி வந்தார். 48கே நினைவகம், றப்பர் விசைகள். அதோடு ஒரு ரேப் றெக்கோடர், செம்மஞ்சள் அட்டை போட்ட கைநூல். ரீவி கறுப்பு வெள்ளை. கசற்றிலிருந்து விளையாட்டு ஏறும்போது திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகக் கோடுகள் ஓடும் என்று வாசித்திருந்தேன். எங்கள் வீட்டில் அவை சாம்பல் நிறத்தில் ஓடின.

விளையாட்டுக் கசற் வாங்கக் காசு மிஞ்சவில்லை. ஆனால் சஞ்சிகைகளில் லிஸ்டிங் வரும். ஒரு விளையாட்டின் முழுக் கட்டளைகளையும் வரி வரியாக அச்சடித்திருப்பார்கள். நாங்களே தட்டிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பல லிஸ்டிங்குகளை அனுப்பியவர்களே வாசகர்கள்தான். பின்னாளில் ‘டிஸ்ஸி’ விளையாட்டுகளால் பெயர் எடுத்த ஒலிவர் இரட்டையர்களின் முதல் வெளியீடே இப்படிச் சஞ்சிகையில் வந்த ஒரு லிஸ்டிங்தான். வாசிக்கிற பக்கத்துக்கும் எழுதுகிற பக்கத்துக்கும் நடுவில் மதில் இல்லாத காலம் அது.

எனக்கு ஒரு சிக்கல். சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே கடையில் நின்றபடியே கொப்பியில் எழுதினேன். இரண்டரைப் பக்க லிஸ்டிங் ஒன்றை எழுதி முடிக்க மூன்று ஞாயிறு எடுத்தது. அச்சு தெளிவில்லை, மெல்லிய எழுத்து, அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் ஒன்றுபோலத் தெரியும். நாலாவது ஞாயிறு எழுதியதை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். அடுத்த நாள் அது கட்டோடு போய்விட்டது.

அன்றிரவே தட்டத் தொடங்கினேன். ஸ்பெக்ட்ரத்தில் கட்டளைகளை எழுத்துக்கூட்டத் தேவையில்லை. ‘பி’ விசையை அழுத்தினால் ‘பிரிண்ட்’ முழுச்சொல்லாக வந்து விழும். விரலுக்குக் கீழே றப்பர் இறந்த மீன் மாதிரி மெதுமெதுவென்று அமுங்கும். இரண்டு இரவு. முதலில் கசற்றில் பதிந்து வைத்தேன், அந்த அறிவு இருந்தது. பிறகு ஓடவிடும் கட்டளை, ‘ரன்’.

திரையின் அடியில் ஒரு வரி: பி, இன்ரிஜர் அவுட் ஒப் ரேஞ்ச், 30:2. முப்பதாம் வரியில், இரண்டாவது கட்டளையில், எண் எல்லை மீறிவிட்டது என்று பொருள். முப்பதாம் வரியைப் பார்க்கிறேன். ‘ரீட் ஏ’, ‘போக்’... ஒரு பிழையும் இல்லை. அழித்துத் திரும்பத் தட்டினேன். அதே வரி. கொப்பியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். அதேதான். மூன்று நாள் அந்த ஒரே வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பாட்டை மேசைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா.

நாலாம் நாள்தான் விளங்கியது: முப்பதாம் வரி தானாக எதையும் உண்டாக்கவில்லை, வேறெங்கோ எழுதிவைத்த எண்களை ‘ரீட்’ எடுக்க, ‘போக்’ நினைவகத்தில் போடுகிறது. எண்கள் இருப்பது கடைசியில், ‘டேட்டா’ வரியில். அங்கே போனேன். என் கொப்பியில் இருந்தது இது:

24, 60, 126, 291, 255, 36, 90, 165

சஞ்சிகை போய்விட்டது. கேட்க ஆளில்லை. செம்மஞ்சள் கைநூலைத் திறந்தேன். ஓர் உருவத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒரு எண் ஒரு கிடை வரிசை. இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிறைந்த கட்டங்களின் பெறுமதியைக் கூட்டினால் வரிசையின் எண். எட்டுக் கட்டமும் நிறைந்தால் 255. அதற்கு மேல் ஓர் எண் இருக்கவே முடியாது. அப்போ 291?

கணக்குக் கொப்பியின் கட்டத்தாளில் பென்சிலால் நிரப்பினேன். 24 என்றால் 16உம் 8உம். நடுவில் இரண்டு கட்டம். 60, நடுவில் நாலு. 126, நடுவில் ஆறு. மேலிருந்து அகன்றுகொண்டே வரும் ஒரு தலை. நாலாவது வரிசையை வெறுமையாக விட்டேன். 255, முழுக் கோடு. அதன் கீழே 36, 90, 165: கால்கள், விரிந்து விரிந்து. எல்லா வரிசையும் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல. காணாமல் போன வரிசையும் அப்படித்தானே இருக்கவேணும்? எண்ணை இடம் மாற்றிப் பார்த்தேன். 219. அதாவது 128, 64, 16, 8, 2, 1. கட்டங்களை நிரப்பினேன். இரண்டு நிறைவு, ஒரு வெறுமை, இரண்டு நிறைவு, ஒரு வெறுமை, இரண்டு நிறைவு. அந்த இரண்டு வெறுமையும் கண்கள்.

அது என்னைப் பார்த்தது. விண்வெளியிலிருந்து வந்த ஒரு சின்ன நண்டு மாதிரி. ரீவியில் வருவதற்கு முன்னமே அது கணக்குக் கொப்பியில் உயிரோடு வந்துவிட்டது. சஞ்சிகை வீட்டில் இருந்திருந்தால் ஒப்பிட்டு, ஒரு நொடியில் திருத்திவிட்டு விளையாடப் போயிருப்பேன். இல்லாதபடியால் அறிந்துகொண்டேன். இன்று மென்பொருள் எழுதித்தான் வீட்டுக் கடன் கட்டுகிறேன். பிழை காட்டும் வரியில் பிழை இருக்கவேண்டியதில்லை என்பதை யாரும் எனக்கு வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு ‘போக்’ வரிகள் வேறு மாதிரித் தெரிந்தன. ‘மனிக் மைனர்’ விளையாட்டில் உயிர் குறையாமல் இருக்க ‘போக் 35136,0’ என்று பள்ளிக்கூடம் முழுக்க மந்திரம் மாதிரிச் சொல்லுவார்கள். 35136 ஆம் முகவரியில் இருப்பது உயிரில் ஒன்றைக் குறைக்கும் கட்டளை. பூச்சியம் என்றால் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாதே. ‘ஜெட் செற் வில்லி’யில் இன்னும் விசேசம். பரண் அறைக்குள் ஒருமுறை போய்விட்டால் அதன்பிறகு வேறு சில அறைகள் கொல்லத் தொடங்கும்; விளையாட்டை முடிக்கவே முடியாது. நச்சு வாயு என்று முதலில் சொல்லப்பட்டது. உண்மையில் நிரலில் இருந்த பிழை. நாலு ‘போக்’ வரிகளில் அதைத் திருத்தியவர்கள் விளையாடியவர்களே, அந்த எண்களை நாடு முழுக்கக் கொண்டுபோனவை சஞ்சிகைகள். வாசகர் வரைந்து அனுப்பிய வரைபடங்களும் அப்படித்தான். 1984 இல் வந்த ‘சேபர் வுல்ஃப்’ காட்டில் 256 திரைகள். அந்த மாதிரிக் காடுகளைக் கட்டத்தாளில் நடந்து நடந்து வரைந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

பிறகு கசற் வந்தது. சஞ்சிகை அட்டையிலேயே ஒட்டி, அல்லது பொலித்தீன் உறைக்குள் போட்டு. முழு விளையாட்டே இலவசம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் உறைக்குள் போட்ட சஞ்சிகையைக் கடையில் நின்று திறக்க முடியாது. லிஸ்டிங்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வாசிக்கிறவனுக்குக் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி எடுத்துவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது, இன்றும் அப்படித்தான் படுகிறது. கிராஷ் 1992 இல் நின்றது. 1993 இல் சின்க்ளெயர் யூஸர், அதே வருசம் செப்ரெம்பரில் ‘யுவர் சின்க்ளெயர்’ என்ற சஞ்சிகையும். கிராஷின் அட்டைகளைத் தீட்டிய ஒலிவர் ஃப்ரே 2022 இல் காலமானார். அடுத்த சில மாதங்களில் ஆசிரியராக இருந்த ரொஜர் கீனும்.

இப்போது பழைய இதழ்கள் இணையத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. போன மாதம் மாமா வீட்டுக்குப் போனபோது 1985 ஆம் ஆண்டு இதழ் ஒன்றை ரப்லெற்றில் திறந்து காட்டினேன். மாமாவுக்கு 80 தாண்டிவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கங்களை நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒரு இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, வலப்பக்க மேல் மூலையைக் காட்டினார். யாரோ ஒரு பொடியன் 40 வருசத்துக்கு முதல் அடையாளத்துக்காக மடித்த தடம், நிழலாக விழுந்திருந்தது.

“இது மடிஞ்சு கிடக்கு தம்பி,” என்றார். “இதைத் திருப்பி எடுக்கமாட்டாங்கள்.”